ஜவ்வு விலகலுக்கு உடனே அறுவையா, பொறுத்திருப்பதா? முதுகெலும்பு, மூளை நோய்களில் ஆய்வுகள் காட்டுவது என்ன?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 38. சரக்கு வண்டி ஓட்டுகிறான். ஏழு வாரங்களாக இடுப்பில் தொடங்கி வலது காலின் வெளிப்புறமாக இறங்கிப் பெருவிரல் வரை சுண்டியிழுக்கும் வலி. இருமினாலோ தும்மினாலோ துடித்துப்போகிறான். எம்.ஆர்.ஐ. படத்தில் இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் பார்த்த மருத்துவர், அடுத்த வாரமே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே தணியும், பொறுங்கள் என்றார். இருவரும் பார்த்தது ஒரே படத்தைத்தான்.

‘எங்கள் தெருவில் ஒருவருக்கு’ என்று தொடங்கும் கதைகள் வீட்டில் வேண்டிய அளவு கிடைக்கின்றன. அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டா, அவை என்ன சொல்கின்றன என்பதை அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிமிர்நடை எழுதியது:

நான் 19 ஆண்டுகளாகப் பிசியோதெரபி பார்த்து வருபவன். ஆய்வுகளைப் பேசுவதற்கு முன் சில கேள்விகள். தம்பியால் குதிகாலை ஊன்றி, விரல்களைத் தூக்கியபடி பத்தடி நடக்க முடிகிறதா? பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும்போது இரு காலிலும் ஒரே பலம் இருக்கிறதா? சிறுநீர் கழிப்பதில் தடையோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போன உணர்வோ இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையானால் இந்த இழையை மூடிவிட்டு இப்போதே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுத்தண்டின் அடிநுனியில் குதிரைவால்போல் பிரியும் நரம்புக் கொத்து நசுங்கினால், நாள்கணக்கில் பொறுப்பதற்கு அங்கே இடமில்லை. கால் பலம் வேகமாகக் குறைந்துகொண்டே வந்தாலும் உடனே அறுவை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வலி மட்டும்தான் என்றால் பேச நேரமிருக்கிறது.

படத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். எந்த முதுகுவலியும் இல்லாத 3,110 பேரின் படங்களை 33 ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் ஜவ்வு புடைத்திருந்தது. வலியே தெரியாமல் நடமாடுகிறவர்களின் முதுகைப் படமெடுத்தாலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஏதாவது எழுத வேண்டியிருக்கும். எனவே படத்தையும் வலி இறங்கும் வழியையும் பொருத்திப் பார்க்காமல் படத்துக்கு மட்டும் அறுவை செய்வது பொருளற்றது. உங்கள் தம்பிக்கு அவை பொருந்துகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்து ஜவ்வு அழுத்தினால் பெருவிரல் வரைதான் வலி இறங்கும்.

வைகைக்கரை எழுதியது:

சிறுநீர்த் தொல்லை இல்லை ஐயா. குதிகாலில் நடந்து காட்டினான். வலியோடுதான், ஆனால் நடந்தான். பெருவிரல் பலம் இரு காலிலும் ஒன்றுபோலவே தெரிகிறது.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

மருத்துவப் புள்ளியியல் என் தொழில். நான் மருத்துவன் அல்லன். உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்தாற்போல் ஓர் ஆய்வு இருக்கிறது. நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை என்றும், மறு பிரிவினருக்கு மாத்திரை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை என்றும் வைத்து, 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். விரைவில் அறுவை என்ற பிரிவினர் குணமடைந்துவிட்டதாக உணர எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேர் குணமாக ஆன காலம், 4 வாரங்கள். பொறுத்திருந்தவர்களுக்கு 12 வாரங்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள்.

இந்த 95ஐப் பிடித்துக்கொண்டு ‘அறுவை வீண்’ என்று ஒரு சாராரும், அந்த 4ஐப் பிடித்துக்கொண்டு ‘அறுவையே சிறந்தது’ என்று மறு சாராரும் பேசுவதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். இரு சாராரும் சொல்லாமல் விடும் எண்கள் வேறு இருக்கின்றன. பொறுத்திருக்கச் சொல்லப்பட்ட 142 பேரில் 55 பேர், அதாவது 39 விழுக்காட்டினர், வலி தாளாமல் சராசரியாகப் பத்தொன்பதாவது வாரத்தை ஒட்டி அறுவை செய்துகொண்டார்கள். ஆகவே அங்கு ஒப்பிடப்பட்டவை அறுவையும் அறுவையின்மையும் அல்ல. முந்திய அறுவையும், பிந்தினால் ஒருவேளை தேவைப்படக்கூடிய அறுவையும்தான். மறுபுறம், விரைவில் அறுவை என்று ஒதுக்கப்பட்ட 141 பேரில் 125 பேர்தான் அறுவை செய்துகொண்டார்கள்; நாள் குறித்த பிறகும், சராசரியாக இரண்டு வாரமே இருந்த அந்த இடைவெளியில், மீதியிருந்தவர்களுக்கு வலி தானாகவே விட்டுப்போயிற்று.

அமெரிக்காவில் 501 பேரைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான ஸ்போர்ட் ஆய்விலும் இந்தக் கட்சிமாறல் பெரிய சிக்கலாயிற்று. இரண்டாண்டுக்குள் அறுவைப் பிரிவினரில் 60 விழுக்காட்டினர்தான் அறுவை செய்துகொண்டார்கள். அறுவையில்லாப் பிரிவினரில் 45 விழுக்காட்டினர் செய்துகொண்டுவிட்டார்கள். ஒதுக்கியபடி கணக்கிட்டால் வேறுபாடு சிறிது. உண்மையில் பெற்ற சிகிச்சைப்படி கணக்கிட்டால் அறுவைக்கு ஆதரவாகப் பெரிது. ஆனால் வலி மிகுந்தவர்களே அறுவைக்குப் போயிருப்பார்கள் என்பதால் இரண்டாவது கணக்கு குலுக்கலின் நடுநிலையை இழந்துவிடுகிறது. எந்தக் கணக்கை எடுப்பது என்பதில் அறுவை மருத்துவர்களும் எங்களைப் போன்றவர்களும் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. நான்கு முதல் பன்னிரண்டு மாதங்களாக வலி நீடித்த 128 பேரைக் கொண்டு கனடாவில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் பத்துக்கு எத்தனை என்ற கால்வலி அளவு அறுவைப் பிரிவில் 2.8, மற்றப் பிரிவில் 5.2. நாள்பட்ட வலியில் இது பெரிய இடைவெளி. என் கணிப்பில் உங்கள் தம்பி இப்போது நிற்கும் இடத்தில் இரு வழியும் நியாயமானவையே. ‘அடுத்த வாரமே இல்லாவிட்டால் கால் போய்விடும்’ என்பதற்கு மட்டும் மேலே சொன்ன ஆய்வுகளில் ஆதாரமில்லை.

தறிச்சத்தம் எழுதியது:

நண்பர் எண்களை அழகாக அடுக்கியிருக்கிறார். நான் மூன்றாம் மாதத்தில் அறுவை செய்துகொண்டவன். மறுநாள் காலை எழுந்து நின்றபோது காலில் வலி இல்லை. ஓராண்டில் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள் என்கிறீர்கள். நான்கு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் இடையிலுள்ள அந்த எட்டு வாரத்தில் விசைத்தறிக் கூலி யார் தருவார்கள்? மருத்துவமனையில் படுத்தால்தான் என் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் பேருந்து ஏறிப் போனால் எல்லாம் கைக்காசு. பொறுத்திருப்பது மலிவான வழி என்று எழுதுகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா, நான் மாதச் சம்பளக்காரன்தான். அறுவை உங்களுக்கு வாங்கித் தந்தது அந்த எட்டு வாரங்களை. அதன் விலை ஒவ்வொரு வீட்டிலும் வேறு. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நெதர்லாந்து ஆய்வில் தாம் பெற்ற சிகிச்சை எது என்பது எல்லோருக்கும் தெரியும். வலியைச் சொல்பவரும் அவரே. முள்ளெலும்பு முறிவுக்குள் ஊசி வழியே சிமெண்டு செலுத்தும் சிகிச்சை பல ஆண்டுகள் இப்படித்தான் புகழ்பெற்றிருந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவில் 78 பேரையும், மற்றோர் ஆய்வில் 131 பேரையும் வைத்து, பாதிப் பேருக்குச் சிமெண்டு செலுத்தாமலேயே செலுத்துவதுபோல் எல்லாச் சடங்கையும் செய்து பார்த்தார்கள். வலி இரு தரப்பிலும் ஒரே அளவில் குறைந்திருந்தது.

பழைய வார்டு எழுதியது:

நான் ஓய்வுபெற்ற செவிலி. சென்னையில் எலும்பு சிகிச்சை வார்டுகளில் பணிபுரிந்தவள். அறுவையா, மருந்தா என்ற இந்த வழக்கு நம் ஊரிலேயே ஒருமுறை நன்றாக நடத்தப்பட்டு, தீர்ப்பும் வந்திருக்கிறது என்பதை இங்கே யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். அது முதுகெலும்புக் காசநோய் வழக்கு.

அந்த நோயில் முள்ளெலும்பு அரிக்கப்பட்டு, சீழ் கட்டி, முதுகு கூனிப்போகும். தண்டுவடம் நசுங்கினால் கால்கள் விழுந்துவிடும். மருந்து கண்டுபிடிப்பதற்கு முன் நோயாளியை மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தி, மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டுச் சட்டை போட்டு வைப்பதே சிகிச்சை. மருந்து வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1960களில் தொடங்கி ஒவ்வொரு பழக்கமாக எடுத்துச் சோதித்தது. கொரியாவின் மாசானில் கட்டிலில் கிடத்தியவர்களையும் நடமாட விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள், வேறுபாடில்லை. பூசானில் மாவுக்கட்டுச் சட்டை போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள்; வேறுபாடில்லை. ஆப்பிரிக்காவின் புலவாயோவில் சீழையும் செத்த எலும்பையும் சுரண்டியெடுக்கும் அறுவையை வெறும் மருந்தோடு ஒப்பிட்டார்கள், அங்கும் அப்படியே. ஹாங்காங்கில் மட்டும், நோயுற்ற எலும்பை முன்பக்கமாகத் திறந்து முழுமையாக வெட்டியெடுத்து வேறு எலும்பைப் பதிக்கும் பெரிய அறுவை, வெறுமனே சுரண்டுவதைவிட முள்ளெலும்புகளை விரைவில் ஒட்டச் செய்தது. கூனும் குறைவாக இருந்தது.

அதன் பிறகு வந்தது சென்னை ஆய்வு. சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்று அழைக்கப்பட்ட நிறுவனம், கால்கள் விழாத நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது: பெரிய அறுவையோடு ஆறு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், அறுவையில்லாமல் அதே மருந்து ஆறு மாதம், அறுவையில்லாமல் ஒன்பது மாதம். பத்தாண்டு முடிவு 1999இல் வெளியானது. அறுவை செய்துகொண்ட 78 பேரில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாதம் மருந்து மட்டும் உண்ட 78 பேரில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாதம் உண்ட 79 பேரில் 99 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தார்கள். மார்பைத் திறந்து செய்த அத்தனை பெரிய அறுவையையும், வீட்டில் இருந்தபடி விழுங்கிய மாத்திரை மிஞ்சிவிட்டது. நாங்கள் வார்டில் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் காத்த நோயாளிகளை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தீர்ப்பில் ஒரு விலக்கு இருந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டு, தொடக்கத்திலேயே கூன் 30 பாகைக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு மருந்து நோயைத் தீர்த்தும் கூன் ஏறிக்கொண்டே போயிற்று. கிருமி செத்தாலும் எலும்பு வளர்வது நிற்காது, வளர்ச்சி கோணலாகிவிடுகிறது. எந்தப் பிள்ளைக்குக் கூன் முற்றும் என்பதை முன்கூட்டியே எக்ஸ்ரே படத்தில் கண்டறிய நான்கு அடையாளங்களைக் கோவை கங்கா மருத்துவமனையின் மருத்துவர் ராஜசேகரன் வகுத்துத் தந்தார். அவற்றில் இரண்டுக்கு மேல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. வாரணாசியில் துலி என்ற எலும்பு மருத்துவர் 1975இல் ‘நடுவழி’ என்றே தம் முறைக்குப் பெயர் வைத்தார்: எல்லோருக்கும் மருந்து, மருந்துக்கு மசியாதவர்களுக்கும் நரம்பு மீளாதவர்களுக்கும் மட்டும் கத்தி. தம்பி வைகைக்கரை, உங்கள் வீட்டு நோய் வேறு. ஆனால் உங்களுக்குப் பதில் சொல்லும் மருத்துவர் ‘யாருக்கு’ என்பதையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

குறிஞ்சிமலர் எழுதியது:

தலைப்பில் மூளையும் இருப்பதால் கேட்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தைக்கு 57 வயதில் பெரிய பக்கவாதம் வந்தது. மறுநாள் இரவு மூளை வீங்குகிறது, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும், அரை மணி நேரத்தில் கையெழுத்திடுங்கள் என்றார்கள். ‘செய்தால் பிழைப்பார்’ என்றார்கள். கையெழுத்திட்டோம், பிழைத்தார். இன்று அவரைத் தூக்கி உட்காரவைக்க ஒருவர் வேண்டும். வலது பக்கம் அசைவதில்லை, பேச்சு நான்கைந்து சொற்களோடு நின்றுவிட்டது. நாங்கள் செய்தது சரியா என்ற கேள்வியை அம்மா வாய்விட்டுக் கேட்டதில்லை. நான் இங்கே கேட்கிறேன்.

நரம்பியல் முதுநிலை எழுதியது:

அக்கா, நான் மூளை, நரம்பு அறுவை சிகிச்சையில் முதுநிலைப் படிப்பு படிப்பவள். நீங்கள் சொன்ன இரவில் கையெழுத்துப் படிவத்தோடு வெளியே வந்து நிற்பது பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான்.

ஜவ்வு விலகலுக்குச் சொன்ன காலக்கணக்கு இங்கே செல்லாது. மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே வீக்கம் ஏறினால் மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூச்சை ஆளும் பகுதி நசுங்கும். ஐரோப்பாவில் மூன்று ஆய்வுகளைச் சேர்த்து, 60 வயதுக்கு உட்பட்ட 93 பேரின் முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்தவர்களில் 78 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினர். இரண்டு பேருக்குச் செய்தால் ஏறக்குறைய ஓர் உயிர் மிஞ்சுகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பயன் அரிது.

மிஞ்சிய உயிர் எப்படி இருந்தது என்பதே உங்கள் கேள்வி. பிறர் துணையின்றி நடக்கக்கூடிய நிலையிலோ அதைவிட நல்ல நிலையிலோ இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 21 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 43 விழுக்காடு. துணையில்லாமல் நடக்கவோ தம் உடல் தேவைகளைக் கவனிக்கவோ முடியாத நிலையில் இருந்தவர்கள் 2 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகப் பெருகினார்கள். அறுவை இரண்டையும் சேர்த்தே தருகிறது. கட்டிலோடு கிடப்பவர்களின் விகிதம் மட்டும் ஏறவில்லை. இரு பிரிவிலும் 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் உயிர் பிழைத்தவர்கள் கூடினார்கள், ஆனால் தம் வேலையைத் தாமே முழுதும் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு ஒருவர்கூடத் திரும்பவில்லை.

உங்கள் தந்தைக்கு 57 வயது. அன்றிரவு அந்த எண்களை முன்னே வைத்து என்னிடம் கேட்டிருந்தாலும் அறுவையைத்தான் பரிந்துரைத்திருப்பேன். ‘பிழைப்பார்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். ஆனால் நள்ளிரவில், அறுவை அரங்கு காத்திருக்கும்போது, நானும் நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். இது ரத்தக்குழாய் அடைத்து வரும் வீக்கம். ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கட்டும் பக்கவாதத்தில் கதை வேறு. 27 நாடுகளில் 1,033 பேரைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான ஸ்டிச் ஆய்வில், விரைவில் ரத்தக்கட்டை அகற்றியவர்களில் 26 விழுக்காட்டினரும், முதலில் மருந்தோடு பார்த்தவர்களில் 24 விழுக்காட்டினரும் நல்ல நிலைக்கு வந்தார்கள்; அதை வேறுபாடு என்று சொல்ல முடியாது. ரத்தக்கட்டை அடைய நல்ல மூளையைப் பிளந்துகொண்டு போக வேண்டியிருப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மெல்லிய குழாயை நரம்பிழைகளின் போக்கிலேயே செலுத்தி எடுத்த என்ரிச் ஆய்வு 300 பேரோடு 2024இல் வெளியானபோது, மூளையின் மேற்பகுதி மடல்களில் கட்டியிருந்த ரத்தத்துக்குப் பயன் தெரிந்தது. ஆழத்தில் கட்டியிருந்ததற்குத் தெரியவில்லை. ஒரே நோய்ப் பெயர், ஒரே அறுவை, ஆழ வேறுபாட்டில் விடை மாறுகிறது.

குறிஞ்சிமலர் எழுதியது:

நன்றி, தங்கை. இதை அச்செடுத்து அம்மாவிடம் படித்துக் காட்டப் போகிறேன்.

ஆறாம் வகுப்பு அம்மா எழுதியது:

அறுவையைத் தள்ளிப்போட்டுத் தவறிய கதையும் இங்கே இருக்கட்டும். என் மகனுக்கு மூன்று வயதில் தொடங்கிய வலிப்பு, நான்கு மருந்துகள் மாற்றியும் அடங்கவில்லை. ‘மூளையில் கத்தி வைப்பதா’ என்று குடும்பமே எட்டு ஆண்டுகள் மறுத்தது. பிறகு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்குப் போய் அறுவை செய்துகொண்டோம். மாத்திரை இன்னும் உண்டு; கடைசியாக வலிப்பு வந்து பதினாறு மாதங்கள் ஆகின்றன. இழந்த பள்ளி ஆண்டுகள்தான் திரும்பவில்லை.

நரம்பியல் முதுநிலை எழுதியது:

அக்கா சொல்வதற்கு ஆய்வு ஆதாரம் மிக வலுவாகவே உண்டு. பொட்டுமடலில் (நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியில்) எழும் வலிப்பு மருந்துக்கு அடங்காத 80 பேரைக் கொண்டு கனடாவில் நடத்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது; ஓராண்டில் நினைவிழக்கச் செய்யும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 8 விழுக்காடு. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 116 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 77 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 7 விழுக்காடு. விலையையும் சொல்ல வேண்டும்: அங்கு அறுவை செய்துகொண்ட பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது; பெரும்பாலும் ஒரு பக்கக் கை கால் பலவீனம், அதுவும் பல பிள்ளைகளிடம் அறுவையின் தன்மையால் முன்பே எதிர்பார்க்கப்பட்டது. மறுபுறம், மூளையில் வெடிக்காமல் இருக்கும் ரத்தக்குழாய்ப் பின்னலை முன்னெச்சரிக்கையாக அகற்றலாமா என்று பார்த்த அருபா ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. பக்கவாதமோ மரணமோ அதைத் தொடாமல் விட்டவர்களில் 10 விழுக்காடு, தலையிட்டவர்களில் 31 விழுக்காடு.

வைகைக்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் பதில்களைத் தம்பிக்குப் படித்துக் காட்டிவிட்டு, முதலில் பார்த்த மருத்துவரிடமே மீண்டும் போனோம். ‘கால் பலம் குறையாத ஒருவர் இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் எதை இழப்பார்?’ என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, ‘ஆறு வாரத் தூக்கத்தை இழப்பார், வேறொன்றும் பெரிதாக இல்லை’ என்றார். அவர் மேல் இருந்த மனத்தாங்கல் எனக்கு அப்போது போய்விட்டது.

வலி முன்னைவிடக் கொஞ்சம் குறைவு. இரவில் மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறான். வண்டி ஓட்டவில்லை. முதலாளி இம்மாத இறுதி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்; தறிக்கார அண்ணன் கேட்ட கேள்வி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. பன்னிரண்டாம் வாரத்துக்கு அறுவை நாள் குறித்து வைத்திருக்கிறோம்; அதற்குள் வலி விட்டால் ரத்து செய்துகொள்ளலாம் என்று மருத்துவரே ஒப்புக்கொண்டார்.

நிமிர்நடை எழுதியது:

நல்ல ஏற்பாடு. நாள்தோறும் காலையில் பல் துலக்கப் போகும்போது குளியலறை வரை குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள். ஒருநாள் வலது பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டினால், பன்னிரண்டாம் வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.